கருமுள்ளுக்கு மூன்றாவது ஆள்

சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் செல்லம்மை அக்கா, பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியின் மனைவி. வணக்கமோ விசாரிப்போ இல்லாமல், "டீச்சரே, அவிய உங்கள விளிச்சாவ" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் விளிப்பது என்றால் கூப்பிடுவது. கேரள எல்லைக்கு அப்பாலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பேச்சு. நான் தமிழ் ஆசிரியை. பழைய பாட்டுகளில் விளிந்தார் என்றால் இறந்தார் என்று பொருள் என வருடா வருடம் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். "டீச்சர், எங்க அம்மை டெய்லி என்னைய விளிக்காளே" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். அன்று காலை அந்தச் சொல் காதில் விழுந்ததும் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுப்பை அணைத்தேன். "எதுக்கு அக்கா விளிச்சாரு?" என்று கேட்டேன். "தெரியல்லயே. கருமுள்ளு மரத்து மூட்டுல இருந்து உங்க பேரச் சொல்லி ஒரு விளி. நான் போய்ப் பாக்கும்போ ஆளு இல்ல" என்றார். ஆள் அங்கேயேதான் இருந்தார், மரத்தடியில் சாய்ந்து. உயிர்தான் இல்லை.

தவசிலிங்கம் என்றால் எல்லாருக்கும் தெரியாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பருக்கு நடுவே டுரியான் வளர்த்த மனிதர் என்றால் இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். மலேசியாவில், பகாங் பக்கத்து மலைத் தோட்டமொன்றில் பாதி ஆயுள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ரப்பர் மரங்களை வெட்டி அந்த இடத்தில் முள்ளுப்பழம் நட்டபோது சொந்தக்காரர்கள் அவருக்குக் கிறுக்கு என்றார்கள். காய்த்த பிறகும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் தின்றுகொண்டே சொன்னார்கள். அவர் தோட்டத்துக்கு ஒரு முறையாவது போய் பழம் தின்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார். அந்தப் பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் அவர் வேலிக்கு அடுத்தது. நான் பிறந்தது நாஞ்சில் நாட்டு வயல்காட்டில், வெங்காயத்தைக்கூட நாள் பார்த்து நறுக்குகிற சைவ வீட்டில். கல்யாணமாகி மலையோரம் வந்த பிறகுதான் இந்தப் பழத்தைக் கண்டேன். கண்டேன் என்பதைவிட மோந்தேன் என்பது சரி. சிலிண்டர் கசிகிறது என்று பதறி வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். திறந்த பிறகு இன்னும் கூடுதலாக வந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி சொன்னார்: "டீச்சரே, ஜன்னல அடைங்க. பழம் இங்கோட்டுல்லா இருக்கு." அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அது. முதல் சுளையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். நெய்யில் வதக்கிய வெங்காயத்தைப் பாயசத்தில் போட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது சுளைக்குக் கை தானாகப் போனது. அவர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனிதர்.

மலாய்ப் பெயர்களும் நம்பர்களும் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை என்று அவரே பெயர் சூட்டியிருந்தார். மஞ்சள் ராசா: பச்சைத் தோல், காம்பைச் சுற்றி முள் இல்லாத வழுக்கை, அடியில் ஐந்து கோடு சேர்ந்த நட்சத்திரம், சுளை அரைத்த மஞ்சள் நிறம், நாக்கில் இனித்துத் தொண்டையில் கசக்கும். மோதிரக்காம்பு: காம்பில் மோதிரம் போட்ட தழும்பு, சுளை வெளிறியது, கசப்பு முதலிலேயே வந்துவிடும். செவப்பு றால்: முட்டை வடிவம், தவிட்டு நிறத்துக் குட்டை முள், இறாலைப் போல் வளைந்த சுளை, நிறமும் வெந்த றாலின் நிறம், வெறும் இனிப்பு. தலகாணி: நீளமாய், பெரிதாய், சதை மொத்தமாய் இருக்கும். மணமும் குறைவு, கசப்பும் கிடையாது. பயந்தவர்களுக்கான பழம் அது. பிறகு கருமுள்ளு. பூசணி போல உருண்டை. அடியில் ஒரு குழி, குழிக்குள் கருகின திரி மாதிரி ஒரு முனை. சுளை காவி நிறம். அதன் ருசியைப் பிறகு சொல்கிறேன்.

பழத்தைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் திருப்புவார். "மனுசனுக்கு மொகம் மேல இருக்கும். பழத்துக்கு மொகம் அடியில இருக்கும். மொகத்தப் பாக்காம யாரையும் பேரு சொல்லி விளிக்கப்படாது" என்பார். ஒருமுறை களியக்காவிளைப் பழ வியாபாரி ஒருவர் கேரளத் தோட்டத்துப் பழங்களை டெம்போவில் கொண்டுவந்து, எல்லாம் மஞ்சள் ராசா என்று சாதித்தார். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் திருப்பி, இது ராசா, இது ராசாவின் பங்காளி என்று இரண்டாகப் பிரித்து அடுக்கினார். வெட்டிப் பார்த்தபோது ராசா என்று ஒதுக்கியதில் ஒன்று மோதிரக்காம்பாக இருந்தது. வியாபாரி துள்ளிக் குதித்தார். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்து, "எனக்க பழமே என்னைய ஏமாத்திட்டு" என்று அதை அங்கேயே உட்கார்ந்து தின்றார். அவர் முழுதாகத் தின்கிற ஒரே இனம் மோதிரக்காம்பு. மற்றவற்றை நாக்கில் வைத்துப் பார்ப்பார், துப்பிவிடுவார். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் ஆளு உள்ள பழம்" என்பார்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் அவர் வைத்திருந்த ஒரு வழக்கம். தோட்டத்துக்கு யார் வந்தாலும் பழங்களை வரிசையாக வெட்டி வைப்பார். இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிகிற வரிசை, மாற்றித் தின்றால் திட்டுவார். தின்று முடித்ததும் தண்ணீரைப் பழத்தின் காலி ஓட்டில் ஊற்றிக் கையில் கொடுத்து, "இதுல உனக்க ஏது?" என்று கேட்பார். எது பிடித்தது என்று கேட்கமாட்டார். உன்னுடையது எது என்றுதான் கேட்பார். பதில் சொன்னால் அன்றிலிருந்து உங்களுக்கு அதுதான் பெயர். எங்கள் ஊர் முன்னாள் போஸ்ட்மாஸ்டர் குமாரசாமி சார் தலகாணி. பழம் ஏற்றிப்போகும் மினிலாரி ஸ்டீபன் செவப்பு றால். என் வீட்டுக்காரர் மஞ்சள் ராசா, அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ ராசாக்களும் றால்களும் இருப்பீர்கள்.

கருமுள்ளு அவரிடம் ஒரே ஒரு மரம். அதன் முதல் பழம் விழுந்த அன்று நானும் என் மகள் ஆதிரையும் மட்டும் அங்கே இருந்தோம். அவள் அப்போது கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாள். அண்ணாச்சி பழத்தைத் திருப்பி அந்தக் கருத்த முனையைக் காட்டி, விரலால் தொட்டார். உதிர்ந்துவிட்டது. "செரி, நேரமாச்சு" என்று பிளந்தார். முதலில் இனிப்பு, பிறகு ஏதோ பூவின் வாசம், விழுங்கி முடித்து வாய் காலியான பிறகு மெல்ல ஒரு கசப்பு. அந்தக் கசப்பு வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அடுத்த சுளையைத் தின்ன வேண்டியிருந்தது. அவர் கேட்டபோது நானும் அவளும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லாக, "கருமுள்ளு" என்றோம். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த மரம் காய்த்ததே குறைவு. அதிலும் பாதியை மலையணில் கொண்டுபோகும். செல்லம்மை அக்காவுக்கு டுரியான் என்றாலே தலைவலி. ஆகக் கருமுள்ளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு மார்கழியில், குலசேகரம் பஸ் நிலையத்தில் அண்ணாச்சியும் நானும் நின்றுகொண்டிருந்தோம். டுரியான் ஆடி, ஆவணியில் விழுகிற பழம். மார்கழியில் மரத்தில் இலை தவிர ஒன்றும் இருக்காது. அண்ணாச்சி மூக்கைச் சுருக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "தலகாணி மணம் வருது டீச்சர்" என்றார். எனக்கு டீசல் புகையைத் தவிர எதுவும் வரவில்லை. "தலகாணி மணம் வந்தா ஒறக்கம் வருதுன்னு அர்த்தம். வீட்டுல போய்ப் படுங்க" என்றேன். அந்த வாரமே குமாரசாமி சார் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயதானவர், நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னோம். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. சேர்த்துப் பார்க்க என்ன இருந்தது?

அடுத்த தை மாதம், மலேசியாவிலிருந்து வந்திருந்த அவருடைய கூட்டாளி குடும்பத்தைப் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுத்த தரையில் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். உள்ளே வெளிச்சம் குறைவு, வெளியே நல்ல வெயில். அண்ணாச்சி நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் முட்டிக்கொண்டார்கள். "றாலு" என்றார். கூட்டாளியின் மனைவி, பக்கத்து வீட்டில் மீன்குழம்பு வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மரச்சட்ட ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "செவப்பு றாலு. வெட்டி வச்ச மாதிரி" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். மணிமேடைப் பக்கம் வரும்போது அவருக்குப் போன் வந்தது. மார்த்தாண்டத்துக்கு இப்பால் ஒரு வளைவில் ஸ்டீபனின் வண்டி கவிழ்ந்திருந்தது, ஆள் அங்கேயே முடிந்துவிட்டார். போனைக் காதில் வைத்தபடி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் பஸ் நிலையத்தில் அவர் சொன்ன தலகாணி ஞாபகம் வந்தது.

அன்று மாலை ஊர் திரும்பினோம். வேலிக்கு அருகே வந்ததும், "மனசிலாச்சா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மூக்கில் ஏதோ கோளாறு, நாகர்கோவிலில் டாக்டரைப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். போய்ப் பார்த்தார். டாக்டரும் நான் சொன்னதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். இல்லாத வாசனை வருவது சிலருக்கு உள்ளதுதானாம், நரம்பு சம்பந்தப்பட்டதாம். அண்ணாச்சி மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டார். ஆனால் அந்த வருடத்திலிருந்து பழம் வெட்டிக் கொடுத்த பிறகு யாரிடமும் "உனக்க ஏது" என்று கேட்பதில்லை. வீடியோ எடுக்க வந்த பிள்ளைகள் தாங்களாகவே எனக்கு இது பிடித்தது, அது பிடித்தது என்று சொல்லத் தொடங்கினால், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார். அவர்கள் போகும்வரை வரமாட்டார்.

கடந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கேட் பக்கம் அவர் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காபி வேண்டாம் என்றார். கையில் வேட்டி நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டார். "டீச்சரே" என்றார், துணிக்கொடியையே பார்த்தார். நானே கேட்டேன்: "என்ன அண்ணாச்சி, ஏதாவது மணம் வருதா?" விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. "பிள்ள எங்க இருக்கா?" என்றார்.

ஆதிரை இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போவாள். "விளிச்சுப் பாருங்க" என்றார் அண்ணாச்சி. விளித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அந்த இடைவெளியில் அவர் நெற்றியில் இட்டிருந்த வெள்ளை நாமத்தின் வழியாக வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "கருமுள்ளுதானா? நல்லாத் தெரியுமா? மோதிரக்காம்பா இருக்கலாம்லா, ஒரு வாட்டி தப்பாச் சொன்னீங்கல்லா?" என்றேன். கெஞ்சுகிற குரலில் கேட்டேன், எனக்கே அது தெரிந்தது. "அது கண்ணு பாத்துத் தப்பாச்சு. இது மூக்கு" என்றார். பிறகு ஆதிரையே கூப்பிட்டாள். தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாளாம். "ஏம்மா இத்தன மிஸ்டு கால், வீட்ல யாருக்காவது ஏதாச்சுமா?" என்று எரிந்து விழுந்தாள். நான் திண்டாடி, புளி வாங்க மறந்துவிட்டேன் என்று என்னவோ உளறினேன்.

அவளை ஸ்கூட்டர் எடுக்கக் கூடாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜோசியர் சொன்னார் என்றேன். ஜோசியத்தை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த அம்மா இப்படிச் சொன்னதில் அவளுக்குச் சந்தேகம் வந்து, என் உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டாள். அவள் என்னை நினைத்துப் பயப்பட, நான் அவளை நினைத்துப் பயப்பட, தினமும் போனில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம். வீட்டுக்காரர் சிரித்தார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார், நம்பிவிட்டால் அது இன்னும் மோசம்.

அண்ணாச்சி தினமும் வேலிக்கு வந்தார். "பிள்ள விளிச்சாளா?" என்பார். "விளிச்சா" என்பேன். "மணம் உண்டா?" என்று நான் கேட்பேன். "உண்டு" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சண்டைக்குப் போனேன். "இத எங்கிட்ட வந்து எதுக்குச் சொன்னீங்க? தெரியாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்லா" என்றேன். "ஸ்டீபன்கிட்ட சொல்லாம இருந்தேன். அதுக்கு இன்னும் ஒறக்கம் இல்ல" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன சண்டை போட? நான் சொன்னேன்: "கருமுள்ளுக்கு ரெண்டு பேருதான் உண்டு. நானும் அவளும். அப்படின்னா நானா இருக்கட்டும் அண்ணாச்சி. நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு." மனதாரத்தான் சொன்னேன்.

அவர் எதிர்ச் சரிவில் நின்ற கருமுள்ளு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசி அல்லவா, கிளைகளில் பூ கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. "மணத்துக்கு ஆளத் தெரியாது டீச்சர். அதுக்குப் பழத்தத்தான் தெரியும்" என்றார். எனக்கு அது ஆறுதலா பயமுறுத்தலா என்று விளங்கவில்லை. போகத் திரும்பியவர், "ரெண்டு பேருக்குப் பதிலு மூணு பேரு இருந்தா?" என்று கேட்டார். "மூணாவது யாரு இருக்கா?" என்றேன். "செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல்.

மறுநாள் காலையில் நடந்ததைச் செல்லம்மை அக்கா சொல்லித்தான் தெரியும். விடிந்ததும் அண்ணாச்சி பிரீசரைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வெயிலில் வைத்தார். போன ஆடியில் கிடைத்த கருமுள்ளுச் சுளைகள் அவை. ஆதிரை பொங்கலுக்கு வந்தால் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐஸ் இளகியதும் அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்னத் தொடங்கினார். அக்கா, "பிள்ளைக்குள்ளதுல்லா, அத எதுக்குத் திங்கிய?" என்று கேட்டிருக்கிறார். ஒரு சுளை விடாமல் தின்று, கொட்டையைச் சப்பி, டப்பாவை வழித்து நக்கிவிட்டு, "இன்னையில இருந்து எனக்க பழம் கருமுள்ளுதான், கேட்டியா? யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றாராம். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாக, வீட்டில் வேறு யாருக்கோ கேட்க வேண்டும் என்பது போலச் சொன்னாராம். பிறகு முகம் கழுவி நாமம் இட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் என் பெயரைச் சொல்லி ஒரு விளி.

நான் ஓடிப்போனபோது அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டுரியான் பூ அந்தியில் விரிந்து காலையில் உதிர்ந்துவிடும். அன்று உதிர்ந்த பூவெல்லாம் அவர் மடியிலும் தோளிலும் கிடந்தது. புளித்த மோர் வாசம் அடித்தது. வாயோரத்தில் காவி நிறத்தில் கொஞ்சம் சதை ஒட்டியிருந்தது. என் முந்தானையால் துடைத்தேன். சொந்தக்காரர்கள் வரும்வரை அக்காவும் நானும் அந்தப் பூக்களைத் தட்டிவிடாமல் இருந்தோம்.

அவர் அய்யாவழிக்காரர். எரிப்பதில்லை, படுக்க வைப்பதுமில்லை. வடக்கே பார்த்து உட்கார வைத்து அடக்கம் செய்தார்கள். குழியில் இறக்கும்போது அவர் நேராக உட்கார்ந்திருந்தது, வெட்டி வைத்த பழங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாரே, அந்த இருப்பு. மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: இனி அவருக்கு எந்த மணமும் வராது, நல்லது. அப்புறம்தான் அழுதேன். மண் தள்ளும்போது பையில் போன் அடித்தது. ஆதிரை. "அம்மா, மாமா போய்ட்டாங்களாமே" என்று தேம்பினாள். அவள் அழுகிற சத்தம் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் கூசுகிறது.

நெஞ்சு பலவீனமாக இருந்தது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தாராம். வெறும் வயிற்றில் ஒரு டப்பா டுரியானைத் தின்றால் நல்ல நெஞ்சே படபடக்கும் என்றார் வீட்டுக்காரர். இருக்கலாம். நானும் படித்தவள்தான், எனக்கும் இப்படி வரிசையாகக் காரணம் சொல்லத் தெரியும். பகலில் எல்லாக் காரணமும் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை என்னால் எந்தக் காரணத்துக்குள்ளும் அடக்க முடியவில்லை. ஆள் உள்ள பழம் என்று வாழ்நாள் முழுக்க நாக்கில் வைத்துத் துப்பியவர், அன்று ஏன் ஒரு சுளை விடாமல் விழுங்கினார்? என்னை ஏன் விளித்தார்? உதவிக்கா, அல்லது முடிந்துவிட்டது, இனி பயப்பட வேண்டாம் என்று சொல்லவா?

சித்திரையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பின்மதியம். நெய்யில் வதங்கும் வெங்காயம் போல, அதற்குள் ஏதோ பூவைப் போல மெல்லிசாக ஒரு வாசம் வந்தது. பக்கத்து வீட்டு அடுப்பாக இருக்கும். அண்ணாச்சி இருந்தால் ஒரு மூச்சில் இன்னது என்று பிரித்திருப்பார். எனக்கும் கொஞ்சம் முயன்றால் முடிந்திருக்கும், இத்தனை வருடம் அவர் வெட்டி வைத்துத் தின்றவள்தானே. நான் எழுந்து ஜன்னலை அடைத்தேன். எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது ஆடி. இந்த வருடம் கருமுள்ளு என்றுமில்லாத அளவுக்குக் காய்த்திருக்கிறது. மலையணில் ஒன்றுகூடத் தொடவில்லை என்கிறார் அக்கா. பழம் தின்ன வருகிறவர்களுக்கு நான்தான் போய் வெட்டிக் கொடுக்கிறேன். அவரிடமிருந்து எனக்குத் தங்கியவை கொஞ்சம்தான். பழத்தை எடுத்ததும் தலைகீழாகத் திருப்புகிறேன். இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிக்கிறேன். யாரிடமும் எது உங்களுடையது என்று கேட்பதில்லை. நீங்கள் வந்தாலும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

போன வாரம் ஆதிரை வந்தாள். அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும் என்று அடக்கம் செய்த இடத்துக்குப் போய்க் கும்பிட்டாள். பிறகு அக்கா கருமுள்ளு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். திருப்பினேன், முனை உதிர்ந்தது, பிளந்தேன். ஆதிரை எட்டி ஒரு சுளையை எடுத்தாள். "அம்மா, இதுதானே எனக்..." என்று தொடங்கினாள்.

நான் அவள் கையிலிருந்த சுளையை வாங்கி, மரத்தைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"இல்ல மக்கா. அது மாமாவுக்குள்ளது."